சின்ன ஜாப் வொர்க் கடைக்கு நெட்வொர்க்கிங்னா யாரைப் பிடிக்கணும்?

தம்பி கேட்டது இதுதான். கோவை கணபதியில 2 சிஎன்சி டர்னிங் சென்டர் (கம்ப்யூட்டர்ல ஓடற லேத்), 1 விஎம்சி (அதே மாதிரி ஓடற மில்லிங் மெஷின்) வெச்சு ஜாப் வொர்க், அதாவது அடுத்தவங்க ட்ராயிங்குக்கு கூலிக்கு பார்ட் செஞ்சு குடுக்கற வேலை பண்றார், வர்ற வேலையில முக்கால்வாசி ஒரே பம்ப் கம்பெனி வேலை, அவங்க ஷெட்யூல் குறைச்சதுல மெஷின் பாதி நேரம் சும்மா நிக்குது. தெரிஞ்சவங்க எல்லாம் வாராவாரம் காலைல கூடற பிசினஸ் நெட்வொர்க்கிங் குரூப்ல சேரச் சொல்றாங்க, வருஷ ஃபீஸைப் பார்த்தா யோசனையா இருக்கு, நாலு பேர் முன்னாடி பேசவும் வராது, சேரலாமா வேண்டாமா?

நேராவே சொல்லிடறேன், இப்போதைக்கு சேர வேண்டாம்ங்க. நெட்வொர்க்கிங்கே வேண்டாம்னு நான் சொல்ல வரலை, நாலு பேர் பழக்கம் இல்லாம இந்த ஊர்ல எந்தப் பட்டறையும் வளர்ந்ததில்லை. ஆனா உங்களுக்கு வேலை கொண்டு வரக்கூடியவங்க பாதிப் பேர் ஏற்கனவே உங்க கடைக்கு வந்து போயிட்டுத்தான் இருக்காங்க, அவங்களை முதல்ல கணக்குல எடுங்க, ஃபீஸ் கட்டறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

நான் எங்க இருந்து இதைச் சொல்றேன்னா, ஆவாரம்பாளையம் பக்கம் டூல் ரீகிரைண்டிங் பண்றேன், மழுங்கின எண்ட்மில், டிரில், ரீமர் எல்லாம் நம்மகிட்ட வரும், தீட்டித் திருப்பிக் குடுப்போம். ஒரு கடைக்குள்ள காலை வைக்காமயே அங்க என்ன லோடு ஓடுதுன்னு எனக்கு ஓரளவு தெரிஞ்சுடும். வாரம் ஒரு டப்பா 10 எம்எம் கார்பைடு எண்ட்மில் வந்துட்டு இருந்த இடத்துல இருந்து ஒரு மாசமா ஒண்ணும் வரலைன்னா அங்க மில்லிங் வேலை நின்னிருக்கு. அதே கடையில இருந்து திடீர்னு முனை தெறிச்ச டூலா வர ஆரம்பிச்சா புதுசா ஏதோ கெட்டியான மெட்டீரியல், எஸ்எஸ்ஸோ (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அதுலயே கெட்டியான டியூப்ளெக்ஸ் வகையோ எடுத்திருக்காங்க, சுத்தற ஸ்பீடும் டூல் நகர்ற ஃபீடும் இன்னும் செட் ஆகலைன்னு அர்த்தம். இதை நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறதில்லை, சொல்லவும் கூடாது. ஆனா ஒருத்தர் வந்து "அண்ணா, எஸ்எஸ்ல 200 நம்பர் (200 பீஸ்) அவசரமா வேணும், எங்க மெஷின் காலி இல்லை, நம்பிக் குடுக்கற மாதிரி கடை எதாச்சும் இருக்கா"ன்னு கேட்டா என் வாயில ஒரு பேர் வரும் இல்லீங்களா, அந்தப் பேர் உங்களோடதா இருக்கணும். உங்க விஷயத்துல நெட்வொர்க்கிங்னா இவ்வளவுதான், நீங்க அங்க இல்லாதப்போ உங்க பேர் ஒருத்தர் வாயில வரணும்.

என்னை மாதிரி பத்துப் பதினஞ்சு பேர் ஒவ்வொரு கடையைச் சுத்தியும் இருக்காங்க. இன்சர்ட் (டூல்ல மாத்தி மாட்டற வெட்டு முனை) விக்கற டீலரோட சேல்ஸ் பையன் ஒரு நாளைக்கு ஏழெட்டு கடை ஏறி இறங்கறான், எந்தக் கடையில எந்த கிரேடு இன்சர்ட் எத்தனை டப்பா போகுதுன்னு அவன் டைரியில இருக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் பண்றவர்கிட்ட யாரோட ஷாஃப்ட் எத்தனை கிலோ வருதுன்னு கணக்கு இருக்கு. ஜிங்க் பிளேட்டிங், பிளாக்கனிங் பண்றவங்க, பார் மெட்டீரியல் வெட்டிக் குடுக்கற கடை, கேஜ் காலிபரேஷன் பண்ற லேப், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர், ஏன், டெலிவரி சலானை (டிசி) கையில வெச்சுக்கிட்டு ஃபவுண்டரிக்கும் கடைக்கும் மாத்தி மாத்தி ஓடற டெம்போக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் ஊர் நிலவரம் தெரியும். இதுல சர்வீஸ் இன்ஜினியரை மட்டும் தனியா சொல்லணும், புது மெஷின் எங்க இறங்குதுன்னு முதல்ல தெரியறது அவருக்குத்தான், புது மெஷின் இறங்கற இடத்துல புது ஆர்டர் இருக்கும், புது ஆர்டர் இருக்கற இடத்துல முதல் ஆறு மாசம் கண்டிப்பா மிச்ச வேலை வெளிய வரும்.

இவங்க எல்லாரும் உங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். ஆனா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா? நம்ம கடைகளோட விசிட்டிங் கார்டை எடுத்துப் பாருங்க, பத்துல ஒம்பதுல "ஆல் டைப்ஸ் ஆஃப் டர்னிங் அண்ட் மில்லிங் ஜாப்ஸ்"னுதான் போட்டிருக்கும். இதைப் படிச்சுட்டு யாருக்கும் எதுவும் ஞாபகம் நிக்காது. எல்லாம் பண்ணுவேன்னு சொல்றவரை எந்த வேலைக்கும் கூப்பிடத் தோணாதுங்க. அதுக்குப் பதிலா இப்படிச் சொல்லிப் பாருங்க: "எஸ்எஸ் ஷாஃப்ட், 60 எம்எம் விட்டம், 400 எம்எம் நீளம் வரைக்கும், 20 மைக்ரானுக்குள்ள ஹோல்டு பண்ணுவோம், கீவே எங்க விஎம்சியிலயே முடிச்சுடுவோம், மாசம் 2000 நம்பர் குடுக்க முடியும்." இது என் காதுல ஒரு தடவை விழுந்தா போதும், எஸ்எஸ் ஷாஃப்ட்னு யாராவது சொன்ன உடனே உங்க ஞாபகம் வரும். இதைச் சொன்னா மத்த வேலை வராம போயிடுமோன்னு எல்லாரும் பயப்படறாங்க, அப்படிப் போகாது, ஷாஃப்ட்டுக்கு உள்ள வந்தவர் ஃப்ளேஞ்சும் குடுப்பார், புஷ்ஷும் குடுப்பார், ஆனா உள்ள வர்றதுக்கு ஒரு வாசல் வேணும்.

உங்களுக்கு அந்த வாசல் எதுன்னு கண்டுபிடிக்கறது கஷ்டமில்லை. போன ஒரு வருஷத்து இன்வாய்ஸை எடுத்து வெச்சு, எந்த வேலையில ரிஜெக்‌ஷன் கம்மி, எதுல மெஷின் அவர் ரேட் (மெஷின் ஓடற ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கற காசு) நல்லா நின்னுச்சு, எந்த பார்ட்டை உங்க செட்டர் கண்ணை மூடிட்டு செட் பண்ணுவார்னு பாருங்க, ராத்திரி ரெண்டு மணி நேரம் உக்காந்தா விடை கிடைச்சுடும்.

பேச வராதுன்னு சொன்னீங்க. நம்ம தொழில்ல அது பெரிய குறையே இல்லைங்க. பையில நீங்க பண்ணின பீஸ் ஒண்ணு, அதோட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் ஒரு பக்கம், எப்பவும் இருக்கட்டும் (பார்ட்டியோட ட்ராயிங்கையோ அவங்க பேர் அடிச்ச பீஸையோ காட்டவே கூடாது, அது நம்பிக்கைத் துரோகம், உங்க கையால ஒரு டெமோ பீஸ் ஓட்டி வெச்சுக்குங்க). பர்ச்சேஸ்காரர் கையில அந்த பீஸைக் குடுத்துட்டு அவர் என்ன பண்றார்னு கவனிச்சுப் பாருங்க. முதல்ல கட்டை விரலை ஓரத்துல வெச்சு பர் (பிசிறு) இருக்கான்னு ஓட்டுவார், அப்புறம் வெளிச்சத்துல திருப்பி டூல் மார்க் பார்ப்பார், த்ரெட் இருந்தா நகத்தால ஒரு இழுப்பு, சேம்ஃபர் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு ஒரு பார்வை. அந்த அரை நிமிஷத்துல அவர் முடிவு பண்ணிடுவார். நீங்க அங்க பேச வேண்டியது மெஷின் சைஸ், மாசத்துக்கு எவ்வளவு முடியும், எத்தனை நாள்ல சாம்பிள் வரும், இந்த மூணுதான்.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வர்றேன், போட்டியாளர்ங்க. உங்க தெருவுலயே உங்களை மாதிரியே நாலு கடை இருக்கும், அவங்களைப் பார்த்தா ரேட் கெடுக்கறவங்களாத்தான் தோணும், நிறைய பேர் முகம் குடுத்துக்கூடப் பேசறதில்லை. எனக்குத் தெரிஞ்சு ஜாப் வொர்க் கடைக்கு வர்ற நல்ல வேலைகள்ல பெரிய பங்கு இன்னொரு ஜாப் வொர்க் கடையில இருந்துதான் வருது. காரணம் ரொம்ப சிம்பிள், ஆர்டர் எப்பவும் சமமா வராது, ஒரு கடையில ஸ்பிண்டில் போயிடும், ஒரு கடையில ஆபரேட்டர் ரெண்டு பேர் ஒரே வாரத்துல ஊருக்குப் போயிடுவாங்க, இன்னொருத்தருக்கு 500 நம்பர் கேட்ட இடத்துல 1500 கேட்டுடுவாங்க. அந்த நேரத்துல அவர் பார்ட்டிகிட்ட முடியாதுன்னு சொல்ல மாட்டார், பக்கத்துக் கடையைத் தேடுவார். தேடறப்போ ரெண்டே ரெண்டுதான் பார்ப்பார், ஒண்ணு தரம், இன்னொண்ணு நம்ம பார்ட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவானாங்கற பயம். அந்த ரெண்டாவது பயம் உங்க மேல யாருக்கும் வராம பார்த்துக்கிட்டா அதை விடப் பெரிய சொத்து கிடையாது.

ஒரு சின்ன உதாரணம். நம்ம ஊர் தொழில்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல காலைல ஒரு மெசேஜ் வரும், "விஎம்சி காலி இருக்கா, எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) பிளேட், 4 டிரில் 2 டேப், 300 நம்பர், வியாழக்கிழமைக்குள்ள வேணும்". அதுக்குக் கீழ வரிசையா "இருக்கு", "கால் மீ", "காண்டாக்ட் பண்ணுங்க"ன்னு பன்னெண்டு பேர் போட்டிருப்பாங்க. ஒருத்தர் மட்டும் தனியா மெசேஜ் பண்ணுவார்: "அண்ணா, 800க்கு 500 டேபிள், இன்னைக்கு மதியம் 3 மணியில இருந்து காலி, ட்ராயிங் அனுப்பினா ஒரு மணி நேரத்துல சைக்கிள் டைமும் ரேட்டும் சொல்றேன், டேப் சைஸ் எம் எத்தனை?" வேலை இவருக்குத்தான் போகும், இந்தத் தடவை ரேட் ஒத்து வராம போனாலும் அடுத்த தடவை குரூப்ல போடறதுக்கு முன்னாடியே இவருக்கு போன் வரும். உங்களால முடியாத வேலைன்னா அதையும் பதிலாப் போடுங்க, "எனக்கு டேபிள் சைஸ் பத்தாது, ஆனா சின்னவேடம்பட்டியில ஒருத்தர்கிட்ட பெரிய மெஷின் இருக்கு, நம்பர் தரட்டுமா"ன்னு. ரெண்டு பேருக்கும் உங்களை ஞாபகம் இருக்கும்.

அடுத்த கடையோட ஓவர்ஃப்ளோ வேலையை எடுத்தா அதுக்குன்னு சில ஒழுங்கு இருக்குங்க. டிசி சரியா இருக்கணும், மெட்டீரியல் ஒரு ஜாப் வொர்க்கர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு நேரா போறப்போ ஜிஎஸ்டி விதிப்படி சலானை எண்டார்ஸ் பண்ணி அனுப்பலாம், அதைப் பத்தி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டு வெச்சுக்குங்க. வெளிய குடுத்துப் பண்றோம்னு அவரோட பார்ட்டிக்குத் தெரியுமான்னு கேட்டுக்குங்க. அந்தப் பார்ட்டி பின்னாடி நேரா உங்களைக் கூப்பிட்டா, "முதல்ல அவர்கிட்ட பேசிட்டு வர்றேங்க"ன்னு சொல்லுங்க. ஒரு தடவை இப்படிச் சொன்னா போதும், ஆவாரம்பாளையத்துல இருந்து அரசூர் வரைக்கும் அந்தச் செய்தி தானா போகும், இந்த ஊர் அவ்வளவு சின்னதுதான்.

வேலை கிடைக்கறதை விட எனக்கு முக்கியமாப் படறது இன்னொண்ணு, யார் பணம் குடுப்பாங்க யார் இழுப்பாங்கங்கற தகவல். சின்னக் கடை மூடறதுக்கு வேலை இல்லாததை விட வேலை செஞ்ச காசு வராததுதான் காரணமா இருக்கறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். புது பார்ட்டி ஒருத்தர் பெரிய ஆர்டரோட வந்தா, அவங்களுக்கு ஏற்கனவே பண்ணிட்டு இருக்கற மூணு பேர்கிட்ட கேக்காம மெட்டீரியல் இறக்காதீங்க. கேக்கறப்போ "எப்படி, நல்ல பார்ட்டியா"ன்னு கேட்டா "பரவாயில்லைங்க"ன்னுதான் பதில் வரும், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. பில் போட்ட நாள்ல இருந்து எத்தனாவது நாள் பணம் வருது, அக்கவுன்ட்ஸ்ல யாரைப் பிடிச்சா நடக்குது, ஆறு மாசம் கழிச்சு ரிஜெக்‌ஷன்னு சொல்லி டெபிட் நோட் போட்டுக் காசைக் கழிக்கற பழக்கம் இருக்கா, வருஷக் கணக்கு முடிக்கற மார்ச் மாசம் எப்படி, இப்படிக் கேளுங்க. இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எந்த வெப்சைட்லயும் கிடைக்காது, பழகின ஆள் வாயில இருந்துதான் வரும், அதுவும் நீங்க அவருக்கு இதே மாதிரி உண்மையைச் சொல்லியிருந்தாத்தான் வரும்.

சட்டம் நம்ம பக்கம் இருக்குங்கறதையும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. 2006ல வந்த எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் பணம் குடுக்கற கெடு 45 நாளுக்கு மேல போகக்கூடாது, ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டுல இருந்து இன்னொண்ணும் சேர்ந்துச்சு, குறு சிறு நிறுவனத்துக்கு அந்தக் கெடுவுக்குள்ள பணம் குடுக்கலைன்னா வாங்கறவங்க அதை அந்த வருஷச் செலவா வருமான வரியில காட்ட முடியாது, எப்ப குடுக்கறாங்களோ அந்த வருஷம்தான் காட்டலாம். அதனால உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (எம்எஸ்எம்இங்கறதுக்கான அரசுப் பதிவு) நம்பரை உங்க இன்வாய்ஸ்லயே அடிச்சுடுங்க, கேஸ் போடறதுக்குன்னு இல்லை, அக்கவுன்ட்ஸ்காரர் மார்ச் மாசம் லிஸ்ட் எடுக்கறப்போ உங்க பேர் மேல வரணும்.

இன்னொரு விஷயம், நம்ம வட்டம் எல்லாம் ஒரே மாதிரி ஆளுங்களா இருந்தா பிரயோஜனம் கம்மி. 1973ல மார்க் கிரானோவெட்டர்னு அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஒருத்தர் இதைப் பத்தி எழுதினார், பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்கற ஊர்ல தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, சொல்லி விட்ட அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டிருக்கார். அடிக்கடி பார்க்கறவர் மூலமா கிடைச்சதுன்னு சொன்னவங்க நூத்துக்கு 17 பேர் கிட்டத்தான், எப்பவாவது பார்க்கறவர்னு சொன்னவங்க 56 பேர் கிட்ட, ரொம்ப அபூர்வமா பார்க்கறவர்னு சொன்னவங்க 28 பேர் கிட்ட. நெருங்கின நண்பனுக்கு உங்க மேல அக்கறை அதிகம்தான், ஆனா உங்களுக்குத் தெரிஞ்ச அதே செய்திதான் அவனுக்கும் தெரியும். அது வேலை தேடறவங்களை வெச்சுப் பண்ணின ஆய்வு, ஆனா நம்ம தொழிலுக்கு அப்படியே பொருந்துது. உங்க கூட டீ குடிக்கற எல்லாரும் பம்ப் பார்ட் பண்றவங்க, கோடைக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரே சமயத்துல வேலை குவியும், மழை ஆரம்பிச்சு விவசாய பம்ப் சேல்ஸ் விழுந்தா எல்லாருக்கும் ஒரே சமயத்துல மெஷின் நிக்கும். நீங்க சும்மா நிக்கறப்போ அவங்களும் சும்மாதான் நிப்பாங்க, யார் யாருக்குக் குடுக்கறது? வால்வு பண்றவங்க, டெக்ஸ்டைல் மெஷினரி, வெட் கிரைண்டர், ஃபுட் மெஷினரி, ஆட்டோ பார்ட்னு ஒவ்வொண்ணுக்கும் ஏத்த இறக்கம் வேற வேற மாசத்துல வரும், நம்ம ஊர்லயே இத்தனையும் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் முகம் தெரிஞ்சிருந்தா போதும். மாசம் ஒரு தடவை பார்க்கணும்னு கூட அவசியமில்லை, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒரு போன், அவ்வளவுதான்.

அந்த வேற வட்டத்துக்குள்ள போக நம்ம ஊர்ல நல்ல வழி சங்கங்கள்தான், இதுல காசும் கம்மி. 1952ல இருந்து இன்ஜினியரிங் பொருள் தயாரிக்கறவங்க சங்கம் சீமா இருக்கு, 1969ல ஆரம்பிச்ச கோவை மாவட்ட சிறுதொழில் சங்கம் கொடிசியா இருக்கு, குறிச்சி சிட்கோ பக்கம் இருக்கறவங்களுக்கு கொசிமா, நம்மளை மாதிரி குறுந்தொழில் பண்றவங்களுக்கு டேக்ட். சந்தா கட்டி மெம்பர் ஆகி வருஷத்துக்கு ஒரு தடவை ஜெனரல் பாடி மீட்டிங்ல சாப்பிட்டு வந்தா ஒண்ணும் நடக்காதுங்க. ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்யணும், கண்காட்சி நடக்கறப்போ வாலன்டியரா நிக்கறது, ஸ்கில் ட்ரெயினிங் கமிட்டியில உக்காந்து பசங்களைச் சேர்க்கறது, இப்படி எதாவது. 2022 செப்டம்பர்ல மின் கட்டணம் ஏறினதுக்கு அப்புறம் ஃபிக்சட் சார்ஜுக்கும் பீக் அவர் சார்ஜுக்கும் எதிரா சங்கங்கள் சேர்ந்து போராடினது ஞாபகம் இருக்கும், அப்ப மனு எழுதவும் ஆள் சேர்க்கவும் கூட நின்னவங்கள்ல பல பேர் இன்னைக்கும் ஒருத்தருக்கொருத்தர் வேலை குடுத்துக்கறாங்க. கூட நின்னு வேலை செஞ்சப்போ ஒருத்தர் சொன்ன நேரத்துக்கு வர்றாரா, ஒத்துக்கிட்டதை முடிக்கறாரான்னு கண்ணால பார்த்திருக்காங்க, அதுக்கு மேல என்ன ரெஃபரன்ஸ் வேணும்?

கண்காட்சி பத்தி சுருக்கமா சொல்றேன். கொடிசியாவோட இன்டெக், பெங்களூர்ல இம்டெக்ஸ், சென்னையில அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சங்கம் ஐமா நடத்தற ஆக்மி, இதுக்கெல்லாம் மெஷின் வாங்கற எண்ணம் இல்லைன்னாலும் போங்க. சப் கான்ட்ராக்ட் பண்றவங்களுக்குன்னே சப்கான்னு கொடிசியா தனியா நடத்தியிருக்காங்க, அது மறுபடி வந்தா ஒரு சின்ன ஸ்டால் எடுக்கறது பத்தி யோசிங்க, உத்யம் இருக்கற குறு சிறு யூனிட்டுக்கு எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட திட்டத்துல ஸ்டால் வாடகையில ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வழி இருக்கு. மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் வருஷக் கொள்முதல்ல குறைஞ்சது 25 சதவீதம் குறு சிறு நிறுவனங்கள்ல இருந்து வாங்கணும்னு விதி இருக்கறதால வெண்டர் டெவலப்மென்ட் புரோகிராம்னு நடத்துவாங்க, மாவட்ட தொழில் மையத்துல கேட்டா தேதி சொல்வாங்க. அங்க வேலை கிடைக்க நாளாகும், பேப்பர் வொர்க்கும் ஜாஸ்தி, அதனால உங்க இப்போதைய அவசரத்துக்கு உதவாது, ரெண்டு வருஷக் கணக்குல பார்க்கணும்.

சரி, அந்த வாராந்திர குரூப். இதோட கதையே சுவாரசியமானது. 1905ல சிகாகோவுல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல் ரோட்டரியை ஆரம்பிச்சப்போ ஒவ்வொரு தொழிலுக்கும் ஒருத்தர்னுதான் சேர்த்தாங்க, ஒருத்தர் ஆபீஸ்ல இருந்து அடுத்தவர் ஆபீஸ்னு சுத்திச் சுத்திக் கூடினாங்க, தொடக்கத்துல ஒருத்தருக்கொருத்தர் வியாபாரம் குடுத்துக்கறது அதுல பெரிய அங்கமா இருந்துச்சு, சேவைப் பக்கம் முழுசா திரும்பினது அப்புறம்தான். அதே ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்ங்கற விதியை வெச்சு, வியாபாரம் மட்டும்தான் நோக்கம்னு வெளிப்படையா சொல்லி 1985ல கலிஃபோர்னியாவுல ஐவன் மிஸ்னர் ஆரம்பிச்சது பிஎன்ஐ. இன்னைக்கு நம்ம ஊர்ல நடக்கற பல குரூப்புங்க இந்த மாதிரியிலதான் ஓடுது. வாராவாரம் காலைல கூட்டம், ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் பேசணும், மத்தவங்களுக்கு ரெஃபரல் கொண்டு வரணும், லீவுக்குக் கட்டுப்பாடு உண்டு, வர முடியலைன்னா பதிலுக்கு ஆள் அனுப்பணும். ஒழுங்கா நடத்தறாங்க, அதுல எனக்கு மரியாதை உண்டு, ஆடிட்டர், இன்டீரியர், பிரின்டிங், சோலார், சிசிடிவி, கேட்டரிங் பண்றவங்க இதுல நல்லா வளர்ந்ததைக் கண்ணால பார்த்திருக்கேன். அந்த ஹால்ல இருக்கற எல்லாருக்குமே அவங்க சர்வீஸ் தேவை, எல்லாருக்கும் ஒரு அண்ணனோ மச்சானோ இருக்கார், அவருக்கும் தேவை.

உங்க கதை வேற. உங்ககிட்ட வேலை குடுக்க ஒருத்தர்கிட்ட ட்ராயிங் இருக்கணும். அதனால ஒரு தடவை விருந்தாளியா போய்ப் பாருங்க, விடுவாங்க. அங்க இருக்கறவங்கள்ல எத்தனை பேர்கிட்ட ட்ராயிங் இருக்கு, எத்தனை பேர் ட்ராயிங் வெச்சிருக்கறவங்களுக்கு வேலை செய்யறவங்க (டிசைன் ஆபீஸ், ஆட்டோமேஷன், ஃபவுண்டரி, பேக்கிங் மெஷின் பண்றவங்க) அப்படின்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போடுங்க. ஏழெட்டுப் பேருக்கு மேல தேறினா சேருங்க, ஒண்ணு ரெண்டு பேர்தான்னா அவங்க ரெண்டு பேரை மட்டும் தனியா அவங்க இடத்துல போய்ப் பார்த்துட்டு வாங்க. ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க, வாரத்துல ஒரு காலைப் பொழுது உங்களுக்குப் போகுது, காலைல முதல் ஷிப்ட் செட்டிங் நீங்களே பண்றவர்னா அந்த நேரத்துக்கும் மெஷின் அவர் ரேட் போட்டுக் கணக்குப் பாருங்க. கடையில ஒரு நல்ல சூப்பர்வைசர் வந்து, நீங்க இல்லாமயே காலை ஓடும்ங்கற நிலைமை வந்தப்புறம் இதே கேள்வியை மறுபடி யோசிக்கலாம்.

ஒருத்தர் சொல்லி வேலை வந்துச்சுன்னா, அது கிடைச்சாலும் கிடைக்காட்டியும் சொன்னவருக்கு அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க. இதை முக்கால்வாசிப் பேர் செய்யறதில்லை. நான் ஒருத்தர் பேரைச் சொல்லி அனுப்பிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் வேலை முடிஞ்சதே தெரிய வந்தா, அடுத்த தடவை அந்தப் பேர் வாயில வர்றதுக்கு மனசு ஒரு நிமிஷம் யோசிக்குது. கமிஷன் எல்லாம் நான் எதிர்பார்க்கலை, உங்களைச் சுத்தி இருக்கற நல்லவங்க யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. பர்ச்சேஸ்ல இருக்கறவருக்குத் தனியா கவனிக்கறதுங்கற பாதையில மட்டும் போகவே போகாதீங்க, அவர் மாறிப் போற அன்னைக்கு உங்க வேலையும் போயிடும், பேரும் போயிடும்.

ஆன்லைன் பக்கம் கூகுள் மேப்ல கடை பேர், மெஷின் போட்டோ, சரியான போன் நம்பர் இருக்கட்டும், இது ஒரு சாயங்கால வேலை. இண்டியாமார்ட்ல வர்ற என்கொயரியில ரேட் மட்டும் கேட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, காசு கட்டறதுக்கு முன்னாடி இலவசமா போட்டுப் பாருங்க. லிங்க்ட்இன் உங்களுக்கு ஒரே ஒரு விஷயத்துக்கு ரொம்ப உதவும், அதுதான் நான் முதல்ல செய்யச் சொல்றதும்.

உங்க பம்ப் கம்பெனியில இத்தனை வருஷத்துல பர்ச்சேஸ்லயும் குவாலிட்டியிலயும் இருந்தவங்க எத்தனையோ பேர் வேலை மாறிப் போயிருப்பாங்க. ஒருத்தர் வால்வு கம்பெனிக்கு, ஒருத்தர் ஓசூர்ல ஆட்டோ பார்ட் கம்பெனிக்கு, இன்னொருத்தர் கம்ப்ரசர் பக்கம். உங்க பீஸை வருஷக்கணக்கா மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தவங்க அவங்க, உங்க ரிஜெக்‌ஷன் எவ்வளவுன்னு உங்களை விட நல்லா தெரியும், லாட் ஃபெயில் ஆனப்போ ராத்திரி நீங்களே வந்து நல்ல பீஸை தனியா பிரிச்சுக் குடுத்தது ஞாபகம் இருக்கும். அவங்களை லிங்க்ட்இன்ல தேடுங்க, இல்லைன்னா பழைய கேட் செக்யூரிட்டிகிட்ட கேட்டா நம்பர் கிடைக்கும். போன் பண்றப்போ ஆர்டர் கேக்காதீங்க, ஆர்டர்னு கேட்டா அவருக்குச் சங்கடம், கையில இல்லாததைக் கேட்ட மாதிரி ஆயிடும். "சார், எங்ககிட்ட இப்ப மெஷின் டைம் இருக்கு, உங்க கம்பெனியில வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம் யார்கிட்ட வாங்கணும், ஆடிட்டுக்கு என்னென்ன ரெடி பண்ணி வெக்கணும்"னு கேளுங்க. இதுக்குப் பதில் சொல்றது அவருக்கு ரெண்டு நிமிஷ வேலை, ஃபார்ம் கைக்கு வந்த உடனே அதுல மெஷின் லிஸ்ட், இன்ஸ்ட்ருமென்ட் லிஸ்ட், காலிபரேஷன் சர்ட்டிஃபிகேட் கேப்பாங்க, அந்த மூணையும் இந்த வாரமே எடுத்து வெச்சுடுங்க.